கடாரத்துப் பிள்ளைக்கு எந்தக் கதை?



சுங்கைப் பட்டாணிக்கும் பீடோங்குக்கும் இடையில் இருக்கிற எங்கள் கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் கதை வாசிப்பு நடக்கும். பெரிய ஏற்பாடெல்லாம் கிடையாது. ஒரு பாய், ஒரு காற்றாடி, ஒரு புத்தகம், பதினைந்து பதினாறு பிள்ளைங்க. யாராவது ஓர் அம்மா மைலோ கலக்கிக் கொண்டு வந்து வைப்பார். நானோ இன்னொரு அண்ணனோ அக்காவோ உட்கார்ந்து சத்தமாக வாசிப்போம். பிள்ளைங்க கேட்கும்.

இந்தக் கோயில் ஒரு காலத்தில் தோட்டத்துக் கோயில். தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது சாமியும் எங்களோடு தாமானுக்குக் குடிவந்தது. மண்டபத்து வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கடலில் வந்த கப்பல்காரர்களுக்கு இந்த மலைதான் அடையாளம். மலை தெரிந்தால் கடாரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சென்ற வருஷம் ஒரு ஞாயிறு, நான் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்புக் கதையைத் தேர்ந்தெடுத்தேன். சிறுவர்களுக்காகச் சுருக்கி எழுதப்பட்ட புத்தகம். இதைவிடப் பொருத்தமான கதை உண்டா? ஜெராய் மலை அடிவாரத்தில் உட்கார்ந்து, அந்த மலையை நோக்கி வந்த சோழர் கப்பல்களைப் பற்றி வாசிக்கிறோம்! நானும் நன்றாகத்தான் வாசித்தேன். பாய்மரம் விரிகிற இடத்தில் குரலை ஏற்றினேன். கோட்டை வாசல் உடைகிற இடத்தில் பாயைத் தட்டினேன். பையன்கள் எழுந்து நின்று கத்தினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முடித்துவிட்டு, "கேள்வி இருக்கா?" என்றேன். நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கியது.

"அண்ணா, கடாரம்னா கெடாதானே?"

"ஆமாம்மா."

"நாமளும் கெடாதானே?"

"ஆமா."

"அப்போ அவரு நம்மளத்தானே வந்து அடிச்சாரு?"

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து, "இல்லம்மா, நாம சோழன் பக்கம்" என்று சொல்லிவிட்டு மைலோ குடிக்க அனுப்பிவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அடுத்த வாரம் ஒரு பையனின் அம்மா வந்து ஓரமாக நின்றார். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தம்பி, கோவிச்சுக்காதீங்க. இவன் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பையன்கிட்ட, 'எங்க ராஜா வந்து உங்க ராஜாவ அடிச்சு இழுத்துட்டுப் போனாரு'ன்னு சொல்லியிருக்கான். ரெண்டு பேரும் ஒண்ணா சைக்கிள் ஓட்டுற பிள்ளைங்க. இப்ப பேசிக்கிறதில்ல."

பையன் பொய் சொல்லவில்லை. புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னான். நான் எந்தக் குரலில் வாசித்தேனோ அதே குரலில் சொல்லியிருக்கிறான். தப்பு யாருடையது? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்க எந்த வரலாற்றுக் கதையைத் தேர்ந்தெடுப்பது? அதை எப்படி வாசிப்பது? இது பொழுதுபோக்கு விஷயமா, தர்ம விஷயமா?

நாங்கள் இயக்கத்து நண்பர்கள் ஒன்றாக உட்கார்ந்து இதைப் பேசினோம். ஒரு நண்பர் கொஞ்சம் சூடாகவே கேட்டார்: "நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல, வேலை இடத்துல எத்தனை இடத்துல தலை குனிஞ்சு நிக்குது? 'உங்க தாத்தா பால் மரம் வெட்ட வந்தவன்தானே'ங்கிற பேச்சை எத்தனை தடவை கேட்டிருக்கோம்? இருக்கிறது ஒரே ஒரு ராஜேந்திர சோழன். அவரையும் எடுத்துட்டா பிள்ளைங்க எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? அவனவன் அவன் வீரத்தைப் பாடுறான். நாம மட்டும் ஏன் மன்னிப்புக் கேக்கணும்?"

இதைத் தட்டிவிட முடியாது. அவர் சொல்வது எங்கள் எல்லாருக்கும் பட்ட அனுபவம். நிமிர்ந்து நிற்க ஒரு கதை தேவைப்படுகிற பிள்ளைகள்தான் எங்கள் மண்டபத்துக்கு வருகிறார்கள். 1025-ஆம் ஆண்டில் நடந்ததற்கு இன்று யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்பதும் சரி.

ஆனால் அந்த நியாயத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அன்று நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்றால், அன்று கிடைத்த வெற்றியும் என்னுடையது இல்லை. வெற்றி என்றால் 'நாம' என்றும், எரித்தது கொள்ளையடித்தது என்று வந்தால் 'அவங்க' என்றும் சொல்ல முடியாது. வெற்றியைச் சொந்தம் கொண்டாடுகிறவன் அதன் சாம்பலையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுமை தேவையா?

இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண் பிள்ளையின் கேள்வி சரியான கேள்வி. நான் சொன்ன பதில்தான் அவசரப் பதில். நான் வரலாற்றை ஒழுங்காகப் படித்திருந்தால் அப்படிச் சிரித்து மழுப்பியிருக்க மாட்டேன். பிறகுதான் படித்தேன்.

ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. கடல் நடுவே கப்பல்களை அனுப்பி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனைப் பிடித்ததும், அவன் யானைகளையும் செல்வத்தையும், வித்யாதர தோரணம் என்ற வாயிலையும் கைப்பற்றியதும் அதில் வருகின்றன. ஸ்ரீவிஜயம், மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம் என்று தாக்கப்பட்ட இடங்களின் பட்டியல் நீள்கிறது. நாம் பெரும்பாலும் இந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

இதற்கு முந்தைய பக்கம் என்ன தெரியுமா? ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன் காலத்தில், ஏறக்குறைய 1006-இல், கடாரத்து அரசர் குடும்பம் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பியது. சூளாமணி வர்மன் தொடங்க, அவர் மகன் மாறவிசயோத்துங்க வர்மன் முடித்தார். அதுதான் சூடாமணி விகாரம். சிவபக்தரான ராஜராஜன் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தைக் கொடுத்தார். அந்தக் கொடையைச் செப்பேட்டில் வெட்டி நிலைப்படுத்தியவர் யார்? அதே ராஜேந்திரன்! கடாரத்துக்குக் கொடை கொடுத்த கைதான் பின்னால் கடாரத்துக்குப் படையும் அனுப்பியது.

அடுத்த பக்கமும் உண்டு. 1068 வாக்கில் வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, உதவி கேட்டு வந்த அரசனிடமே திருப்பிக் கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. 1090-இல் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கடாரத்து அரசரின் தூதர்கள் வந்து கேட்டுக்கொள்ள, விகாரத்துக்கு உரிய ஊர்களின் வரி பற்றி மறுபடியும் ஒரு செப்பேடு வெட்டப்பட்டது. நட்பு, சண்டை, மறுபடியும் நட்பு. பல தலைமுறைக் கதையில் ஒரே ஒரு வருஷத்தை மட்டும் எடுத்து நான் பாயைத் தட்டியிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் இந்தக் கரையோரத் துறைமுகங்களில் தமிழ் வணிகர்களும் இருந்தார்கள். இன்றைய தாய்லாந்தின் தாகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவைச் சொல்கிறது. சுமத்திராவின் பாருஸில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவரைச் சொல்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன. மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், 1959-60 வாக்கில் கல் கல்லாகச் சேர்த்துச் சீரமைத்த புக்கிட் பத்து பகாட் சண்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படியென்றால், சோழர் கப்பல் வந்த நாளில் கடாரத்துக் கரையில் ஒரு தமிழ்ப் பிள்ளை நின்றிருந்தால், அது யார் பக்கம்? "நாம சோழன் பக்கம்" என்று நான் சொன்ன பதில் அவ்வளவு எளிதில்லை.

இதற்கு நம் சமயத்தில் வழி இருக்கிறதா என்று தேடினேன். தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மகாபாரதம் போதும். பதினெட்டு நாள் போர் முடிகிறது. பாண்டவர்கள் ஜெயித்துவிட்டார்கள். இன்றைய சினிமாவாக இருந்தால் அங்கே கொடியேற்றிப் பாட்டுப் போட்டு முடித்திருப்பார்கள். வியாசர் முடிக்கவில்லை. அடுத்து ஸ்திரீ பர்வம் வருகிறது. இரண்டு பக்கத்துப் பெண்களும் களத்துக்கு வந்து தங்கள் பிள்ளைகளைத் தேடி அழுகிற பர்வம் அது. காந்தாரி கண்ணனையே சபிக்கிறாள். அதற்குப் பிறகு சாந்தி பர்வம் தொடங்கும்போது, ஜெயித்த தர்மர் அரியணை வேண்டாம் என்று கலங்கி உட்கார்ந்திருக்கிறார். அர்ஜுனனின் வில்லை ரசிக்கச் சொன்ன அதே நூல், அந்த வில் செய்ததையும் கூட்டிப்போய்க் காட்டுகிறது. வீரத்தை அது மறைக்கவும் இல்லை, அழுகையை மறைக்கவும் இல்லை. போர்க்கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

'அப்படியானால் அவரவர் பிள்ளை அவரவர் வீட்டில் படித்துக்கொள்ளட்டும், நமக்கு ஏன் வம்பு' என்று நினைக்கலாம். ஆனால் தனியாகப் படிப்பதும் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்பதும் ஒன்றில்லை. தனியாகப் படிக்கிற பிள்ளை வேண்டாத பக்கத்தைத் தாண்டிப் போகலாம், திரும்பி வரலாம், மனசுக்குள் கதாநாயகனோடு சண்டை போடலாம். சேர்ந்து வாசிக்கும்போது அதன் காதில் விழுவது எழுத்தாளர் குரல் மட்டும் இல்லை, என் குரலும்தான். நான் எங்கே குரலை உயர்த்துகிறேனோ அங்கே பிள்ளையின் கை உயரும். நான் எங்கே நிறுத்தி மூச்சு விடுகிறேனோ அங்கேதான் பிள்ளை யோசிக்கும். பிள்ளையைப் பொறுத்தவரை, அந்த மண்டபத்தில் கோயில் அண்ணன் வாசிப்பது எல்லாமே 'சரி' என்று முத்திரை குத்தியது மாதிரி. அதனால் தேர்ந்தெடுக்கிறவனுக்குப் பொறுப்பு இருக்கிறது.

என் பாட்டி சொல்வார், தோட்டத்து லயத்தில் எழுத்து தெரிந்தவர் ஒருவர் இரண்டு பேர்தான் இருப்பார்களாம். அந்தி சாய்ந்ததும் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி எல்லாரும் உட்கார, பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை அவர் ராகம் போட்டு வாசிப்பாராம். விடியற்காலம் பெரட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தும் யாரும் எழுந்து போகமாட்டார்களாம். கதையில் யாராவது சாகிற இடம் வந்தால் வாசிக்கிறவர் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு வெற்றிலை போட்டுக்கொள்வாராம். "நாங்க அழுது முடிக்கட்டும்னு" என்பார் பாட்டி. படிக்காத ஒரு லயத்துக்குத் தெரிந்திருந்தது, எஸ்.பி.எம். முடித்த எனக்குத் தெரியவில்லை.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? ராஜேந்திரனைத் தூக்கிப் போட்டோமா? இல்லை. அதைச் செய்தால் பிள்ளைகள் அந்தக் கதையை யூடியூபில் இன்னும் சூடாகக் கேட்டுக்கொள்ளும். அங்கே கேள்வி கேட்கக் கையைத் தூக்கினால் பார்க்க யாரும் இல்லை. நாங்கள் முன்னாலிருந்து தொடங்கினோம்.

முதலில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகத்தையும் வாசிக்க ஆயுள் போதாது. எனவே சில அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம், இடையில் நடப்பதை வாயால் சொன்னோம். வந்தியத்தேவனைப் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிட்டது. அவன் ராஜா இல்லை, ஓலை கொண்டுபோகிற ஆள். மாட்டிக்கொள்கிறான், பயப்படுகிறான், பொய் சொல்கிறான், அந்தப் பொய்யிலேயே மறுபடியும் மாட்டிக்கொள்கிறான். "இந்த எடத்துல பொய் சொன்னது சரியா?" என்று நாங்கள் கேட்காமலே பிள்ளைகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டன. பெண் பிள்ளைகளுக்குப் பூங்குழலி. புயல் கடலில் படகை ஓட்டிப்போய் இளவரசரையும் வந்தியத்தேவனையும் காப்பாற்றுகிறவள் அவள். அந்தக் காட்சியில் யாரும் யாரையும் கொல்லவில்லை. ஆனாலும் மண்டபத்தில் மூச்சுச் சத்தம் கூடக் கேட்கவில்லை. வீரக்கதை என்றால் வெட்டுக்குத்து வேண்டும் என்று யார் சொன்னது?

அதற்குப் பிறகு வருவதுதான் எங்களுக்கு வேண்டியிருந்த இடம். காய்ச்சலில் கிடக்கிற இளவரசர் அருள்மொழிவர்மரை, பின்னாளில் ராஜராஜ சோழனாகப் போகிறவரை, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் ஒளித்து வைத்துப் புத்த பிட்சுக்கள் வைத்தியம் பார்க்கிறார்கள். வரலாற்றில் அந்த விகாரம் எழும்பியது ராஜராஜன் அரசரான பிறகு. கதாசிரியர் கற்பனையில் காலத்தை முன்னால் இழுத்திருக்கிறார். அதைப் பிள்ளைகளிடமும் சொன்னோம். சொல்லிவிட்டு, "அந்த விகாரத்தை நிஜத்தில் கட்டுனது யாரு தெரியுமா? நம்ம ஊரு ராஜா, கடாரத்து ராஜா" என்றேன். போன வருஷம் கேள்வி கேட்ட பெண் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதன் பிறகுதான் 1025-க்கு வந்தோம். இந்த முறை பாயைத் தட்டவில்லை. கப்பல் கட்டுவது, பருவக்காற்றுக்குக் காத்திருப்பது, குடிதண்ணீரை அளந்து குடிப்பது, ஜெராய் மலையைத் தூரத்தில் பார்ப்பது என்று எல்லாம் வாசித்தோம். அவ்வளவு பெரிய கடலைத் தாண்டி வந்த திறமையை நினைத்துப் பிள்ளைகள் வியந்தன. வியக்க வேண்டியதுதான். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "இப்ப நீங்க கரையில நிக்கிறீங்க. கப்பல் வருது. சொல்லுங்க" என்றேன். யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் பேச்சை விட்டவன் கடைசியாகச் சொன்னான்:

"மொதல்ல வியாபாரக் கப்பல்னு நெனச்சிருப்பாங்க, அண்ணா. கை காட்டியிருப்பாங்க."

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. வெற்றிலை போடுகிற இடம் அது.

அதோடு நிறுத்தவில்லை. இந்த மண்ணின் கதையையும் எடுத்தோம். 'மெரோங் மகாவங்சா' கெடாவின் பழைய மலாய் வரலாற்றுக் கதை. ரோம் நாட்டு இளவரசருக்கும் சீன இளவரசிக்கும் நடக்கவிருக்கும் கல்யாணத்தைத் தடுப்பேன் என்று நபி சுலைமானிடம் சவால் விடுகிற பறவை யார்? கருடன்! நம் பெருமாளைச் சுமக்கிற கருடன் அந்தக் கதையில் கப்பல்களைத் தாக்குகிறது. "நம்ம கருடன் எப்படி அவங்க கதையில வந்துச்சு?" என்று பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். கோரைப்பல் ராஜா பெர்சியோங் கதையை நாங்கள் சொல்லத் தேவையே இல்லாமல் போனது. பள்ளி நண்பர்களிடம் கேட்டு இரண்டு பிள்ளைகள் நம்மைவிட நன்றாகச் சொன்னார்கள்.

கடைசியாக, புத்தகம் இல்லாத ஒரு கதை. எங்கள் தாமானில் எண்பது வயதைத் தொட்ட ஓர் ஆச்சி இருக்கிறார். ஐந்து வயதில் அப்பா அம்மாவோடு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1926 முதல் 1973 வரை நம் ஆட்கள் எத்தனையோ பேரைச் சுமந்த கப்பல் அது. ஆச்சி மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்ததையும், வாந்தி எடுத்ததையும், கடலில் போட்டுவிட்டு வந்த ஒரு குழந்தையைப் பற்றியும் சொன்னார். அதே நாகப்பட்டினம், அதே கடல், அதே ஜெராய் மலை. ஒரு பையன் கேட்டான்: "ஆச்சி, நீங்க கத்தி வச்சிருந்தீங்களா?" ஆச்சி சிரித்துவிட்டு, "ஒரு தூக்குச்சட்டி வச்சிருந்தேன்யா" என்றார்.

சூடாக வாதாடிய நண்பரை அப்போது திரும்பிப் பார்த்தேன். பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று கேட்டாரே, அவருக்கும் இதில் கொஞ்சம் பதில் இருந்தது என்று நினைக்கிறேன். 'பால் மரம் வெட்ட வந்தவன்' என்று யாராவது சொன்னால், அதற்கு மருந்து 'நாங்க உங்கள அடிச்சவங்க' என்பது இல்லை. பால் மரம் வெட்ட வந்ததே ஒரு சாகசம். 1942-43-இல் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்களில் உயிரோடு திரும்பியவர்களின் கதை சாகசம் இல்லையா? 1946-47-இல் இதே கெடா தோட்டங்களில் தொண்டர் படை அமைத்து, கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்து போலீஸ் அடியை வாங்கியவர்கள் வீரர்கள் இல்லையா? அவர்கள் வாளெடுத்து எந்த ஊரையும் எரிக்கவில்லை. குடியில் அழிந்துகொண்டிருந்த தங்கள் லயத்தைக் காக்கப் போனார்கள். இதை வைத்துப் பெருமைப்படுகிற பிள்ளை பக்கத்து வீட்டு நண்பனை இழக்க வேண்டியதில்லை.

நண்பர் முழுதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். "ராஜேந்திரன் பேரைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் மயிர் கூச்செறியும்" என்கிறார். எனக்கும்தான். கூச்செறியட்டும். அதோடு கரையில் கை காட்டியவனும் ஞாபகத்துக்கு வரட்டும் என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் வட்டாரத்தில் வாசிப்பு தொடங்க நினைத்தால், எங்கள் அனுபவத்தில் கிடைத்த நாலு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, புத்தகத்தை முதலில் நீங்கள் தனியாக, சத்தமாக வாசித்துப் பாருங்கள். கண்ணால் படிக்கும்போது தெரியாதது வாயில் வரும்போது தெரியும். சாண்டில்யனின் 'கடல் புறா' கடாரத்துக் கடலைக் காட்டுகிற கதைதான். ஆனால் அதில் வருகிற காதல் வர்ணனைகளைப் பத்து வயதுப் பிள்ளைகள் முன்னால் வாசிக்க உங்களால் முடியாது. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' சாகித்திய அகாதெமி விருது பெற்றது, ராஜேந்திரனைப் பற்றியது. அதைப் படிவம் மூன்று, நான்கு படிக்கிற பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, கதையில் தோற்றவனுக்குப் பெயர் இருக்கிறதா, அவனுக்கு வீடு வாசல், அம்மா, பிள்ளை உண்டா என்று பாருங்கள். தோற்றவன் வெறும் அரக்கன் என்றால், புத்தகம் சொல்லாததை நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். சங்கிராம விசயோத்துங்க வர்மன் என்ற பெயரை எங்கள் பிள்ளைகள் இப்போது தடுக்காமல் சொல்கின்றன.

மூன்று, எது கல்வெட்டில் இருப்பது, எது கதாசிரியர் கற்பனை என்று பிரித்துச் சொல்லுங்கள். அதனால் கதையின் சுவை குறையாது. "அப்ப நிஜமா என்ன நடந்துச்சு?" என்று கேட்கிற பிள்ளைதான் நாளைக்கு மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போகும். 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராவது சண்டி வீடமைப்புக்காக இடிக்கப்பட்டதே, அதற்கு முன்னால் நம்மில் எத்தனை பேர் அதைப் போய்ப் பார்த்திருந்தோம்? கடாரம் கொண்டான் என்று மேடையில் முழங்கத் தெரிந்த நமக்கு, கடாரத்தில் மிஞ்சியிருந்த கல்லைக் காக்கத் தெரியவில்லை.

நான்கு, ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் நீதி சொல்லாதீர்கள். பிள்ளைகள் எழுந்து ஓடிவிடும். சரியான கதையைத் தேர்ந்தெடுத்து, சரியான இடத்தில் கொஞ்சம் நிறுத்தினால் போதும். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

அந்த இரண்டு பையன்களைப் பற்றிக் கேட்பீர்கள். தீபாவளிக்கு முறுக்கு ஒரு டின் பக்கத்து வீட்டுக்குப் போனது என்று அம்மா சொன்னார். அதன் பிறகு சைக்கிள் மறுபடியும் ஒன்றாக ஓடுகிறதாம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. போன ஞாயிறு மட்டும் அவன் என்னிடம் வந்து, "அண்ணா, அந்தக் கருடன் கதை முழுசா எந்தப் புத்தகத்துல இருக்கு? அவனுக்கே தெரியலையாம்" என்று கேட்டான். தேடிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.